மீடியம் ஃபார்மட் பிலிம் கேமரா: எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவின் ஸ்டுடியோவில் யாஷிகா மேட் கேமராவுக்கு ரோல் மாற்றிக் கொடுத்துப் பழகியவன் நான். பிறகு பல வருடங்களாக 120 பிலிமில்தான் பெரும்பாலும் படம் எடுக்கிறேன், வீட்டிலேயே கழுவுகிறேன். புதிதாக பிலிம் பக்கம் வரும் தம்பி தங்கைகள் போனில் கூப்பிட்டால் பத்து நிமிடத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணா, ஹாசல்பிளாடா, மாமியாவா, பென்டாக்ஸா?" கையிலிருக்கும் சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாங்கப்போகிறார்கள் என்பதால் அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

மீடியம் ஃபார்மட் என்றால் சரியாக என்ன?

120 என்ற ரோல் பிலிமைப் போட்டு எடுக்கும் கேமராக்கள். 1901இல் கோடக் நிறுவனம் பிரௌனி கேமராவுக்காகக் கொண்டுவந்த அளவு அது. இன்னும் அப்படியே விற்கிறது. பிலிமின் அகலம் ஏறக்குறைய 61 மி.மீ. 35 மி.மீ. பிலிமைப் போல டப்பாவுக்குள் இருக்காது, ஓரத்தில் துளைகளும் கிடையாது. பின்னால் ஒரு கறுப்புக் காகிதத்தோடு சேர்த்து ஸ்பூலில் சுற்றியிருக்கும். எடுத்து முடித்ததும் எதிர்ப்பக்க ஸ்பூலுக்கு முழுவதுமாகப் போய்விடும், திருப்பிச் சுற்ற வேண்டியதில்லை. காலியான ஸ்பூல் அடுத்த ரோலுக்கு வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நம் வீடுகளுக்கு இது புதிதில்லை. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 கேமரா பரண் மேல் கிடந்தால் எடுத்துப் பாருங்கள், அதுவும் 120 பிலிம்தான். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள்.

6×4.5, 6×6, 6×7, 6×9: இதில் எது நல்லது?

பிலிம் ஒன்றுதான். கேமரா அதை எவ்வளவு நீளத்துக்கு ஒரு படமாக வெட்டிக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம். 6×4.5இல் ஒரு ரோலுக்கு 15 அல்லது 16 படம், 6×6இல் 12, 6×7இல் 10, 6×9இல் 8. பெயரில் 6 செ.மீ. என்றிருந்தாலும் உண்மையில் கிடைப்பது 56 மி.மீ.

35 மி.மீ. பிலிமின் ஒரு படத்தோடு பரப்பை ஒப்பிட்டால், 6×4.5 சுமார் 2.7 மடங்கு, 6×6 சுமார் 3.6 மடங்கு, 6×7 சுமார் 4.5 மடங்கு. 6×9 ஐந்து மடங்கைத் தாண்டும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லோரும் பெரியதற்குப் பாய்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சதுரப் படத்தை அச்சிடும்போது மேலும் கீழும் வெட்டி நீள்சதுரமாக்கப் போகிறீர்கள் என்றால் மிஞ்சுவது ஏறத்தாழ 6×4.5 அளவுதான். அப்புறம் எதற்கு 6×6? சதுரத்துக்குள்ளேயே காட்சியை அடுக்கப் பிடித்தவர்களுக்குத்தான் 6×6 பொருந்தும். எனக்கு அது பிடிக்கும். வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நடுவில் வைத்து, இரு பக்கமும் தூண் நின்றால், சதுரம் அதைத் தானாகவே தாங்கிக்கொள்ளும். சதுரம் உங்களுக்குச் சரிவருமா என்று தெரிய காசு செலவழிக்க வேண்டாம். போனில் சதுர வடிவத்தைத் தேர்ந்து ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள்.

6×7 ஆளுயரப் படங்களுக்கும் முகங்களுக்கும் அருமையான வடிவம், பெரிய அச்சுக்கு வெட்டே தேவைப்படாது. அதற்கான விலையை உங்கள் தோள் கொடுக்கும். 6×4.5 சிக்கனம். திருமணம், குழந்தைகள் என்று நிறைய எடுப்பவர்களுக்கு 6×7ஐவிட ரோலுக்கு ஐந்து படம் கூடுதலாகக் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

எந்தக் கம்பெனி லென்ஸ் கூர்மை அதிகம்?

ஜெய்ஸ், மாமியா செகோர், பென்டாக்ஸ் டாகுமார், பிரானிகாவின் சென்சனான், எல்லாமே உங்கள் ஸ்கேனர் காட்டக்கூடியதை விடக் கூர்மையானவை. இந்தக் கேள்வியை வைத்து கேமராவை முடிவு செய்ய வேண்டாம்.

பிறகு எதை வைத்து முடிவு செய்வது?

என் பதில் எப்போதும் மூன்றுதான். குனிந்து பார்த்து எடுக்கப் பிடிக்குமா, கண்ணில் வைத்து எடுக்கப் பிடிக்குமா? எவ்வளவு எடையை ஒரு நாள் முழுக்கச் சுமப்பீர்கள்? அந்தக் கேமராவைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர் நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா? மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. முதலில் ரிப்பேர்காரரைக் கண்டுபிடியுங்கள். அவர் எந்தக் கேமராவை அச்சமில்லாமல் திறப்பார் என்று கேளுங்கள். உங்கள் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று புதிய உதிரி பாகம் வருவதில்லை. பழுதான இன்னொரு கேமராவிலிருந்துதான் எடுத்துப் போட வேண்டும்.

இடுப்பளவில் குனிந்து பார்க்கும் வியூஃபைண்டர் பழகிவிடுமா?

பழகும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. மூடியைத் திறந்ததும் உள்ளே மங்கலான கண்ணாடித் திரையில் காட்சி நேராகத்தான் நிற்கும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். தெருவில் ஒரு சைக்கிள் இடப்பக்கமிருந்து வந்தால் கண்ணாடியில் வலப்பக்கமிருந்து வரும். அதைத் தொடர நினைத்துக் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவீர்கள். முதல் இரண்டு ரோல் இப்படித்தான் போகும். மூன்றாவது ரோலில் கை தானாகவே சரியான பக்கம் போகும்.

இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. எதிரே இருப்பவர் முன்னால் நீங்கள் தலை குனிந்து நிற்கிறீர்கள். முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டும்போது வரும் இறுக்கம் அவருக்கு வராது. வயதானவர்களைப் படம் எடுக்கும்போது இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்; தோள் தளர்ந்து இறங்கும். கேமரா மார்புக்குக் கீழே இருப்பதால் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டமும் சரியாக அமையும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். 6×4.5 கேமராவில் இந்த வகை வியூஃபைண்டரை வைத்துக்கொண்டு நெட்டுவாக்கில் படம் எடுப்பது பெரும்பாடு. கேமராவைச் சாய்த்தால் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும், காட்சி தலைகீழாகவும் தெரியும். அதனால் 6×4.5 வாங்கினால் கண்ணில் வைத்துப் பார்க்கும் பிரிசம் வியூஃபைண்டரையும் சேர்த்தே விலை பேசுங்கள். சதுரத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

குறைந்த செலவில் தொடங்க எது?

இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் எடுக்க. யாஷிகா மேட் 124 ஜி 1970இல் வந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் யாஷிகாவின் இரட்டை லென்ஸ் கேமராக்கள் நிறையப் புழங்கியதால் இன்றும் அங்கங்கே கிடைக்கின்றன. 80 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ், நான்கு கண்ணாடித் துண்டுகள் கொண்டது. முழுக்கத் திறந்தால் ஓரங்களில் மென்மை தெரியும். துளையைச் சுருக்கி எஃப் 8இல் வைத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிலிருக்கும் லைட் மீட்டர் பழைய பாதரச பேட்டரிக்காகச் செய்தது, அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. மீட்டர் வேலை செய்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். போனில் ஒரு மீட்டர் ஆப் போதும்.

அதே வகையில் முதலிடம் ரோலைஃபிளெக்ஸுக்குத்தான். ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் 1929 முதல் செய்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா கையிலும் அது இருந்தது. 2.8 எஃப், 3.5 எஃப் மாடல்கள் இன்று மிக உயர்ந்த விலைக்குப் போகின்றன. அந்தக் காசு இல்லையென்றால் அதே தொழிற்சாலையின் எளிய தம்பியான ரோலைகார்டைப் பாருங்கள். கிராங்குக்குப் பதில் குமிழ், அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். கட்டுமானம் அதே நேர்த்தி.

ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவில் படம் எடுக்கும் நொடியில் உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி மேலெழும்; இரட்டை லென்ஸ் கேமராவில் அந்த அதிர்ச்சி கிடையாது. கழுத்துப் பட்டையைக் கீழ்நோக்கி இறுக்கிப் பிடித்தால் 1/30 நொடியிலும், மூச்சை அடக்கினால் 1/15லும் கையிலேயே எடுக்கலாம். கோயில் பிரகாரத்தின் அரையிருட்டில் இது எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லென்ஸ் மாற்ற வேண்டும் என்றால் இவ்வகையில் மாமியா சி 220, சி 330. ஒரே பலகையில் இரண்டு லென்ஸும் ஜோடியாகக் கழன்று வரும்; 55 முதல் 250 மி.மீ. வரை உண்டு. பெல்லோஸ், அதாவது துருத்தி போல நீளும் மடிப்பு, இருப்பதால் மிக அருகில் போய் எடுக்கலாம். அப்படிப் போகும்போது மேல் லென்ஸ் பார்ப்பதும் கீழ் லென்ஸ் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. பூவை எடுத்தால் மேல் பாதி வெட்டுப்படும். சி 330இன் வியூஃபைண்டரில் இதற்காகவே ஒரு கோடு நகரும். அதை மதித்தால் போதும்.

ஹாசல்பிளாட் அந்த விலைக்குத் தகுமா?

தகும், உங்களிடம் பராமரிப்புக்கும் சேர்த்துக் காசு இருந்தால். ஸ்வீடனின் விக்டர் ஹாசல்பிளாட் 1948இல் முதல் மாடலைக் காட்டினார். இன்று நாம் வாங்குவது பெரும்பாலும் 1957இல் வந்த 500 சி, அல்லது 1970 முதல் வந்த 500 சி.எம். வரிசை. 1969இல் நிலவில் இறங்கியவர்கள் கொண்டுபோனது இந்தக் குடும்பத்தின் மோட்டார் வைத்த உறவுதான். கேமராவை அங்கேயே விட்டுவிட்டு பிலிம் பேக்கை (பிலிம் இருக்கும் பின்பெட்டி) மட்டும் எடுத்து வந்தார்கள். அதனால்தான் பலருக்கு இந்தப் பெயர் மேல் ஒரு மயக்கம்.

மயக்கத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அது அழகான வடிவமைப்பு. பாடி, லென்ஸ், பிலிம் பேக், வியூஃபைண்டர் எல்லாம் தனித்தனியாகக் கழலும். 80 மி.மீ. பிளானார் லென்ஸோடு எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோதான். பேட்டரி வேண்டாம். ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. ஒரு படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும், கிராங்கைச் சுற்றும்வரை வியூஃபைண்டர் இருட்டாக இருக்கும். முதல்முறை பார்ப்பவர் கேமரா கெட்டுவிட்டது என்றே நினைப்பார்.

உண்மையாகவே கெடும் சந்தர்ப்பம் வேறு. லென்ஸைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பாடி, லென்ஸ் இரண்டுமே ஸ்பிரிங் ஏறிய நிலையில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கியிருந்தால் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்க நீளமான திருப்புளியும் பழகிய கையும் வேண்டும். ஆகவே எப்போதும் கிராங்கைச் சுற்றிவிட்டுத்தான் லென்ஸில் கை வைப்பது என்று பழகுங்கள். சிக்கினால் பலத்தைக் காட்டாதீர்கள்.

பேக் வாங்கும்போது உள்ளே உருவி எடுக்கும் தட்டின் எண்ணையும் வெளிக்கூட்டின் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் தொழிற்சாலையிலிருந்து ஜோடியாக வந்தது. மாறியிருந்தாலும் வேலை செய்யலாம். ஆனால் படங்களுக்கிடையே இடைவெளி சரியாக விழுகிறதா என்று ஒரு ரோல் போட்டுப் பார்த்தே காசு கொடுக்க வேண்டும்.

ஹாசல்பிளாட் மாதிரியே வேண்டும், ஆனால் பட்ஜெட் பாதிதான். என்ன செய்ய?

பிரானிகா எஸ்.க்யூ.-ஏ. ஜப்பானிய 6×6, 1982இல் வந்தது. லென்ஸுக்குள் ஷட்டர், கழலும் பேக். என்னுடைய முதல் சொந்த மீடியம் ஃபார்மட் கேமரா இதுதான். தபாலில் ஒரு கடையிலிருந்து வரவழைத்தேன். "மின்ட் கண்டிஷன்" என்று எழுதியிருந்தார்கள். முதல் ரோலைக் கழுவி விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், பன்னிரண்டு நெகட்டிவில் ஏழில் ஒரே மூலையிலிருந்து விசிறி மாதிரி கறுப்புப் பட்டை. டார்க் ஸ்லைடு (பேக்கைக் கழற்றும்போது பிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் தகடு) நுழையும் இடத்திலுள்ள ஃபோம் பிசுபிசுத்துப் பொடியாகியிருந்தது. விரலால் தொட்டால் கீல் போல ஒட்டியது. திருப்பிக் கேட்டதற்குக் கடையில் பதில் இல்லை. இரண்டு மி.மீ. ஃபோம் வாங்கி, பழையதை ஸ்பிரிட் தொட்ட தீக்குச்சி முனையால் சுரண்டி எடுத்து, புதிதாக ஒட்டினேன். ஒரு சாயங்கால வேலை. அதன்பிறகு இன்றுவரை ஒளி கசிந்ததில்லை. ஆனால் அந்த ஏழு படங்களில் ஒன்று என் பாட்டியின் கடைசிப் பொங்கல். அதனால்தான் யார் கேட்டாலும் புதிதாக வாங்கிய கேமராவில் முக்கியமான எதையும் எடுக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பிரானிகா 6×4.5 வேண்டுமென்றால் இ.டி.ஆர்.எஸ்.ஐ. இந்த எலக்ட்ரானிக் ஷட்டர் பிரானிகாக்களுக்கு 6 வோல்ட் பேட்டரி ஒன்று வேண்டும். பேட்டரி செத்தால் 1/500 மட்டும்தான் வேலை செய்யும். பையில் கூடுதலாக ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

மாமியா 645, பென்டாக்ஸ் 645, பிரானிகா இ.டி.ஆர்.: மூன்றில் எது?

ஃப்ளாஷ் வைத்து வெயிலில் ஆளுயரப் படம் எடுப்பவருக்கு பிரானிகா. லென்ஸுக்குள் ஷட்டர் இருப்பதால் எல்லா வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்துப்போகும். மாமியாவிலும் பென்டாக்ஸிலும் ஷட்டர் பாடியில் திரையாக ஓடுகிறது, சாதாரண லென்ஸ்களோடு ஃப்ளாஷுக்கு 1/60தான் எல்லை. அதற்குப் பதிலாக மாமியாவில் 80 மி.மீ. எஃப் 1.9 என்ற அற்புதமான லென்ஸ் கிடைக்கிறது. மாலை மங்கிய பிறகும் கையில் வைத்து எடுக்கலாம்.

பென்டாக்ஸ் 645 பெரிய 35 மி.மீ. கேமரா மாதிரி கையில் உட்காரும், பிலிமைத் தானே சுற்றிக்கொள்ளும். பேக்கை நடு ரோலில் மாற்ற முடியாது. 1997இல் வந்த 645என் (645N) மாடலில் ஆட்டோஃபோகஸும் உண்டு. கண்ணாடி அணிபவர்களுக்கும், ஓடும் குழந்தைகளை எடுப்பவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

6×7இல் மாமியா ஆர்.பி.67, ஆர்.இசட்.67, பென்டாக்ஸ் 67. குழப்பமாக இருக்கிறது.

முதல் இரண்டும் ஸ்டுடியோவுக்குப் பிறந்தவை. 1970இல் வந்த ஆர்.பி.யின் பெயரிலேயே அதன் சிறப்பு இருக்கிறது: ரிவால்விங் பேக், அதாவது பின்புற பேக் சுழலும். கேமராவைச் சாய்க்காமலே நெட்டுக்கும் குறுக்குக்கும் மாறலாம். முழுக்க இயந்திரம், பேட்டரியே கிடையாது. ஷட்டரை ஏற்ற ஒரு நெம்புகோல், பிலிமை நகர்த்த இன்னொன்று. இரண்டில் ஒன்றை மறந்துவிட்டு நிற்பது ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடக்கும். 1982இல் வந்த ஆர்.இசட்.டில் ஒரே இழுப்பில் இரண்டும் ஆகும். கொஞ்சம் எடை குறைவு. ஆனால் ஷட்டர் எலக்ட்ரானிக், பேட்டரி வேண்டும்.

எடை? ஆர்.பி. லென்ஸும் பேக்கும் சேர்ந்து இரண்டரைக் கிலோவைத் தாண்டும். நண்பர் ஒருவர் அதோடு ட்ரைபாடையும் தூக்கிக்கொண்டு விடியற்காலை திருவண்ணாமலை மலைப்பாதையில் ஏறினார். கூடவே நானும் போனேன். பாதி வழியில் பையை இருவரும் மாற்றி மாற்றிச் சுமந்தோம். உச்சியில் அவர் எடுத்தது நான்கு படம். நான்குமே பிரமாதம், இன்றும் அவர் வீட்டு ஹாலில் ஒன்று தொங்குகிறது. அடுத்த முறை அவர் அந்தக் கேமராவை மலைக்குக் கொண்டுவரவில்லை.

பென்டாக்ஸ் 67 பார்க்க சாதாரண கேமரா மாதிரி, ஆனால் இரு மடங்கு பருமன். 1969இல் வந்தது. கண்ணில் வைத்து எடுக்கலாம். 105 மி.மீ. எஃப் 2.4 லென்ஸில் முகம் எடுத்தால் பின்னணி கரைந்துபோகும், அதற்காகவே விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் கண்ணாடி எழும் சத்தமும் உதறலும் பெரிது. ட்ரைபாடில் மெதுவான வேகத்தில் எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடியை முன்னதாகத் தூக்கி நிறுத்தும் வசதியுள்ள பாடியாகப் பார்த்து வாங்குங்கள், முதல் சில வருட மாடல்களில் அது இல்லை. ஃப்ளாஷ் எல்லை 1/30. ஆகவே பகலில் ஃப்ளாஷ் போடுபவர்கள் விலகிவிடலாம். பழைய மாடல்களில் மீட்டர் உள்ள பிரிசத்தை மாட்டிய பிறகே லென்ஸை மாட்ட வேண்டும். வரிசை மாறினால் உள்ளேயிருக்கும் மெல்லிய சங்கிலி இணையாது, அறுந்தும் போகும்.

மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஒரே இடத்தில் நின்று எடுப்பவருக்கு ஆர்.பி.தான். கொடுக்கும் காசுக்கு அதைப் போல நெகட்டிவ் தரும் கேமரா வேறு எனக்குத் தெரியாது.

பயணத்துக்கு எது?

மாமியா 7. 1995இல் வந்த ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் வகை), 6×7 நெகட்டிவ், 80 மி.மீ. லென்ஸோடு ஒன்றே கால் கிலோகூட இல்லை. கண்ணாடி இல்லாததால் சத்தமும் இல்லை. குறை என்றால் ஒரு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது, முகத்தை நெருங்கி எடுக்க இது உதவாது. எலக்ட்ரானிக் ஷட்டர் என்பதால் கெட்டால் சரிசெய்வது கஷ்டம். விலையோ ஹாசல்பிளாடுக்கும் மேலே. கடன் வாங்கி வாங்க வேண்டிய கேமரா என்று நான் நினைக்கவில்லை.

அதற்கு நெருக்கமான, எளிமையான வழி ஃபுஜி ஜி.டபிள்யூ.690. 6×9, மாற்ற முடியாத ஒரே 90 மி.மீ. லென்ஸ், மீட்டர் இல்லை, பேட்டரி இல்லை. ரோலுக்கு எட்டே படம். நிலக்காட்சிக்கு அருமை.

இன்னும் மலிவாக, பாக்கெட்டில் அடங்க வேண்டுமென்றால் மடக்குக் கேமராக்கள்: ஜெய்ஸ் இகான்டா, அக்ஃபா ஐசோலெட் போன்றவை. ஐசோலெட்டில் பெல்லோஸ் மடிப்பு மூலைகளில் ஊசித்துளை இருக்காத கேமரா அபூர்வம். இருட்டறையில் உள்ளே போன் டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பாருங்கள், துளை இருந்தால் நட்சத்திரம் போலத் தெரியும்.

கீவ் 88, பென்டகான் சிக்ஸ், சீகல்?

மலிவுதான். பென்டகான் சிக்ஸின் லென்ஸ்கள் உண்மையிலேயே நல்லவை. ஆனால் படத்தின் மேல் படம் ஏறுவது, ஷட்டர் தடுமாறுவது என்று முதல் கேமராவிலேயே மனம் விட்டுப்போகும். இரண்டாவதாக வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது கையில் எடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் காதால் பாருங்கள். லென்ஸுக்குள் ஷட்டர் உள்ள இயந்திரக் கேமராவில் வேகத்தை 1 நொடிக்கு வைத்து அழுத்துங்கள். உள்ளே பல் சக்கரம் ஓடும் "ர்ர்ர்" ஓசை ஒரே சீராகக் கேட்டு, டக்கென்று முடிய வேண்டும். நடுவில் திணறினாலோ நின்று தொடர்ந்தாலோ எண்ணெய் காய்ந்திருக்கிறது. சர்வீஸ் செலவை விலையில் கழியுங்கள்.

பிறகு ஷட்டரை பி நிலையில் திறந்து பிடித்து, லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் கவலையில்லை. சிலந்தி வலை இழை போலக் கிளைத்துப் போனால் அது ஃபங்கஸ். ஓரத்தில் சிறிதாக இருந்தால் சுத்தம் செய்யலாம். கோட்டிங்கைத் தின்றிருந்தால் வேண்டாம். கண்ணாடி முழுக்கப் பால் தடவியது போல மங்கலாக இருந்தால் அதுவும் வேண்டாம். எதிர்வெயிலில் எடுத்த படமெல்லாம் வெளிறிவிடும்.

பிலிம் பேக்கைத் திறந்து ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். டார்க் ஸ்லைடு கோணாமல், சொரசொரப்பில்லாமல் நுழைய வேண்டும். விற்பவர் பேக் இரண்டு கொடுத்தால் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

வெளியே பெயின்ட் உரிந்து பித்தளை தெரிந்தால் பயப்பட வேண்டாம். தினமும் வேலை செய்த கேமரா பெரும்பாலும் நன்றாகவே ஓடும். இருபது வருடம் அலமாரியில் புதுசு போலத் தூங்கிய கேமராவில்தான் எண்ணெய் இறுகியிருக்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸை எப்படிக் காப்பது?

தோல் பையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஃபங்கஸுக்கு அதுவே வீடு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் மூன்று பொட்டலம். நிறம் மாறினால் வாணலியில் மெதுவாகச் சூடாக்கி மறுபடி போடலாம். அதைவிட முக்கியம், மாதம் ஒருமுறை கேமராவை வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் ஓட்டிப் பார்ப்பது.

பிலிம் கிடைக்கிறதா? கழுவுவது எப்படி?

ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்த காலம் போய்விட்டது. இப்போது எல்லாம் இறக்குமதி: கறுப்பு-வெள்ளையில் இல்ஃபோர்ட் எச்.பி.5, கோடக் ட்ரை-எக்ஸ், ஃபோமாபான். கலரில் கோடக் கோல்டு, போர்ட்ரா, எக்டார். 220 என்று எழுதிய கேமரா பேக்கைத் தவிர்த்துவிடுங்கள். அது இரட்டை நீளமுள்ள வேறு பிலிமுக்கானது, அந்த பிலிம் இன்று கடையில் கிடைப்பது அரிது.

கறுப்பு-வெள்ளையை வீட்டில் கழுவுங்கள், செலவு பாதியாகும். நம் குழாய்த் தண்ணீர்தான் பிரச்சினை. எச்.பி.5 பிலிமை டி-76 என்ற டெவலப்பர் கரைசலில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று போட்டிருக்கும். சென்னைக் குழாயில் கோடையில் 30 டிகிரிக்கு மேலே வரும். வெப்பம் ஏற ஏற நேரம் குறையும், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கழுவல் திட்டுத்திட்டாகும். நான் செய்வது இது: டி-76க்குச் சம அளவு தண்ணீர் சேர்ப்பேன், 20 டிகிரியில் அதற்கு 11 நிமிடம். ஒரு அகலப் பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு அதற்குள் பாட்டில்களை நிற்கவைத்து 24 டிகிரிக்குக் கொண்டுவருவேன். அப்போது ஏறக்குறைய 8 நிமிடம். கடைசிக் கழுவல் தண்ணீரையும் அதே அளவுக்குக் குளிர வையுங்கள்.

வாங்கியாயிற்று. முதல் ரோலை எப்படி எடுப்பது?

விலை குறைந்த கறுப்பு-வெள்ளை ரோல் ஒன்று, ஒரு நோட்டு, பேனா. பிலிம் போடும்போது காகிதத்தில் உள்ள அம்புக்குறியைக் கேமராவின் தொடக்கப் புள்ளிக்கு நேராக நிறுத்துங்கள். கொஞ்சம் தள்ளிப்போனாலும் கடைசிப் படம் வெட்டுப்படும். முதல் படம் மொட்டைமாடியிலிருந்து தொலைதூரம், ஃபோகஸ் கடைசிவரை திருப்பி. இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் செய்தித்தாளைச் சாய்வாக வைத்து ஒரு வரியில் ஃபோகஸ் செய்து, லென்ஸை முழுக்கத் திறந்து. வியூஃபைண்டர் காட்டியதும் பிலிம் பதிந்ததும் ஒரே வரியா என்று இதில் தெரிந்துவிடும். அடுத்த நான்கு படம் ஒரே சுவரை, ஒளி மாறாத நேரத்தில், வேகத்தையும் துளையையும் ஜோடியாக மாற்றி மாற்றி: 1/500 எஃப் 4, 1/250 எஃப் 5.6, 1/125 எஃப் 8, 1/60 எஃப் 11. நான்கு நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். பிறகு ஒரு படம் எடுத்துவிட்டு, சுற்றாமல் கேமராவை ஐந்து நிமிடம் வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். ஒளி கசிந்தால் அதில் மாட்டிக்கொள்ளும். மீதியை வீட்டில் இருப்பவர்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

ரோல் முடிந்ததும் நிழலில் திறந்து, சுருள் தளராமல் விரலால் அழுத்திப் பிடித்தபடி ஒட்டுப் பட்டையை நனைத்து இறுக்கி ஒட்டுங்கள். தளர்ந்து பருத்தால் ஓரத்தில் வெளிச்சம் ஏறும். அது கேமராவின் குறை என்று தப்பாக நினைத்து, நல்ல கேமராவைத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.